வேலி ஒட்டும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

மூன்று பேர் தனித்தனியாக வந்து, உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திப் பார்த்து, "இங்கன தண்ணி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் கிணறு வெட்டியவன் நான். பாறை வந்தது, வெடி வைத்தேன். மறுபடியும் பாறை வந்தது, மறுபடியும் வைத்தேன். தண்ணீர் வந்தது. காமயகவுண்டன்பட்டிக்குக் கீழ்ப்பக்கம், கள்ளியும் ஓணானும் குடியிருந்த மேட்டில் கல்லுக்கால் ஊன்றி, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவன் நான். டவுன்பஸ் என் தோட்டத்து வாசலில் நிற்காது என்றார் டிரைவர். ஒரு மாதம் தினமும் ரோட்டுக்கு நடுவில் போய் நின்றேன். இப்போது அது ஸ்டாப். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் இத்தனையும் செய்தேன். தாண்டியவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. பிரெஞ்சு மொழியில் ஒரு வினைச்சொல்லை, அதன் மூலை முடுக்கெல்லாம் தேடிப்பிடித்து, நாற்பத்தொரு காலண்டர் தாளில் எழுதி முடித்தவனும் நான்தான். கிணற்றை ஒத்துக்கொள்கிறார்கள், பந்தலை ஒத்துக்கொள்கிறார்கள். இதை மட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தேனி தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். என் பந்தல் படுத்துவிட்டது. இலை மஞ்சளாகி ஓரம் கருகியது. குலை வைத்தால் பட்டாணி அளவில் நின்றது. கொடி வெட்டும் கவாத்தை முன்னே தள்ளிப் பார்த்தேன், பின்னே தள்ளிப் பார்த்தேன். எரு போட்டேன், மருந்து ஊற்றினேன். கொடி என்னைப் பார்த்துக்கொண்டே காய்ந்தது.

அந்த நிலம் என் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. கிணறும் பந்தலும் என்னுடையவை, மண் அவளுடையது. இந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு அவள் தம்பி, என் மச்சினன், வாரத்துக்கு ஒருமுறை வரப்பில் வந்து நிற்பான். அவனுக்கு வாழைப் பித்து. கம்பம் பள்ளத்தாக்கில் வாழை நிற்காத இடமெல்லாம் அவன் கண்ணில் வீணான இடம்.

"மச்சான், எங்க அக்கா நிலத்துல எத்தனை நாளைக்குக் காஞ்ச விறகுக்குத் தண்ணி பாச்சப்போறீக?"

"மாப்ள, நீ வாழையைப் பாரு. கொடியை நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிட்டேதான இருக்கீக. அது செத்துக்கிட்டே இருக்கு."

தை பிறந்ததும் என் மனைவி ஒரு முடிவு சொன்னாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது தீர்ப்பு. "மாசி கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஒரு வழி தெரியலேன்னா தம்பிகிட்ட விட்டுருங்க." அவ்வளவுதான். மாசி முடிந்தால் மச்சினன் டிராக்டர் கொண்டுவந்து என் கல்லுக்கால்களைச் சாய்ப்பான். ஒவ்வொரு காலையும் நான் தோளில் முட்டுக்கொடுத்து ஊன்றியவன். இதை அவனிடம் சொன்னால், "சாய்க்கிறதுக்கும் வந்து தோள் கொடுங்க" என்பான்.

அந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சுக்காரர் வந்தார்.

சுருளி அருவிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் வழியில் திராட்சைத் தோட்டத்தைக் கண்டால் இறங்குவார்கள். பந்தலுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, குலையை வாய்க்கு நேரே தொங்கவிட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். இவர் அப்படிச் சிரிக்கவில்லை. எழுபது வயதிருக்கும். கால்சட்டையில் முழங்கால் இருக்கிற இடத்தில் மண் கறை. துவைத்தும் போகாத கறை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் நம்ம ஜாதி, மண்ணில் மண்டியிடுகிறவன் என்று.

கூட வந்தவர் குமுளியில் மிளகு, ஏலத் தோட்டம் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. ஜீப்பும் அவரே ஓட்டுவார். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். பிரெஞ்சை வந்து போகிறவர்கள் வாயிலிருந்தே பொறுக்கிக்கொண்டவர், எழுதத் தெரியாது.

"அண்ணே, இவுக பிரான்சுல திராட்சை போட்டவுக. சம்சாரத்துக்குக் குமுளியில எண்ணெய் வைத்தியம் நடக்குது, இருபத்தொரு நாள். அந்தம்மா எண்ணெயில ஊறுறாக. இவுகளுக்குப் பொழுது போகல. இங்கன இறங்கணும்னு ஒரே பிடிவாதம்."

"திராட்சை எடுத்துக்கங்கன்னு அவுக பாஷையில எப்பிடிச் சொல்றது?" என்று கேட்டேன்.

"பிரனே. பிரனே, முசியேன்னு சொல்லுங்க."

சொன்னேன். பிரெஞ்சுக்காரர் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு மண்டியிட்டு என் கொடியின் அடியில் கையாலேயே தோண்டினார். ஒரு வேரை உருவி மேலே எடுத்தார். அதில் முண்டு முண்டாக வீக்கம்; நோய் வேரில் இருந்திருக்கிறது. அதை என் கையில் வைத்துவிட்டு நிறையப் பேசினார். நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, யானை, மிளகு, எத்தனை நாள் தங்குறீகன்னா எனக்கு முழுசாத் தெரியும். இது வேற பாஷையா இருக்கே."

"பிரெஞ்சுதான?"

"பிரெஞ்சுதான். ஆனா தோட்டத்து பிரெஞ்சு."

அந்த நேரத்தில் பிரெஞ்சுக்காரரின் கண் என் வேலிக்குப் போனது. மேற்கேயும் தெற்கேயும் ஆட்டுக்குத் தடுப்பாக ஒரு காட்டுத் திராட்சையை வரிசையாக நட்டு வைத்திருந்தேன். யாரோ எப்போதோ கொடுத்த குச்சி. பழம் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு புளிப்பு. ஆனால் கொடி மட்டும் எருமைக் கழுத்து மாதிரி. பந்தல் சாகச் சாக அது பச்சையாக நின்றது. அவர் ஓடிப்போய் அதன் தண்டைத் தடவினார். என் பன்னீர்க் கொடியைக் காட்டினார், வேலியைக் காட்டினார், இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக் காட்டினார். "ஸா பிரான், ஸா பிரான்" என்றார்.

வழிகாட்டியின் முகம் தெளிந்தது. "அண்ணே, கிடைச்சிருச்சு! அதைப் பிடிச்சு, இதுல பிடிக்க வைக்கணும். பிடிச்சா பிடிச்சதுதான்கிறாக."

இதைக் கேட்டு ஒன்றும் புரியாதவன் விவசாயி இல்லை. ஒட்டு! புளிப்புக்காரனின் வேரில் இனிப்புக்காரனை உட்கார வைப்பது. வீக்கம் வருகிற வேர் எனக்கு வேண்டாம். வேலிக்காரன் வேரே போதும்.

"பிடி என்கிறதுக்குத்தான் அந்த பிரானா?" என்று கேட்டேன்.

"அதே. முழுப் பேரு பிராந்த்ரு. எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல பாதி அதுதாண்ணே. எடு, பிடி, குடி, குளி, ஏறு, எல்லாத்துக்கும் அதைப் போட்டு ஓட்டிருவேன். ஒரு குழப்பமும் இல்ல."

அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு பாஷையில் பாதியை ஒரே சொல்லில் வாங்கலாம் என்றால் வாங்காதவன் ஏமாளி. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன்: "பிரனே. எடுத்துக்கங்க." அதைப் பம்புசெட் ரூமில் சிட்டை குத்தி வைக்கும் கம்பியில் குத்தினேன். முதல் தாள் அது.

பிரெஞ்சுக்காரர் தினமும் வந்தார். மேற்கு வேலியில் இருபத்துநாலு கொடி. தண்டை முழங்கால் உயரத்தில் வெட்டி, நடுவில் கத்தியால் பிளந்து, பன்னீர்க் குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவி அதில் இறக்கி, பச்சை பிளாஸ்டிக் நாடாவால் சுற்றுவார். நாடா எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தேனி மார்க்கெட்டுக்கே போய் ஒரு பந்து வாங்கிவந்தேன். அவர் சீவினால் பென்சில் சீவினது போல இருக்கும். நான் சீவினால் ஆரம்பத்தில் பல்குச்சி போல இருந்தது. ஆறாவது குச்சியில் நானும் பென்சிலுக்கு வந்துவிட்டேன்.

வேலை நடக்க நடக்கத் தாளும் ஏறியது. என் மனைவி டீ கொண்டுவந்தாள். அதை வாங்கும்போதும் பிரெஞ்சுக்காரர் பிராந்த்ர் என்றார்.

"டீயையுமா பிடிப்பாக?" என்றாள் அவள்.

"பிடிப்பாக தாயி. காபியையும் பிடிப்பாக" என்றார் வழிகாட்டி.

"சூடா இருக்கும்னு சொல்லுங்க."

பஸ் பிடிப்பதற்கு அதே சொல். போட்டோ பிடிப்பதற்கு அதே சொல். கிணற்று மேட்டில் பூசின சிமெண்ட் காய்ந்து இறுகியதைத் தட்டிப் பார்த்து, அதற்கும் அதையே சொன்னார். நாமும் காரை பிடித்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்? சருகைக் கூட்டிக் கொளுத்தும்போது காற்று திரும்பி வைக்கோல் படப்பில் நெருப்பு தாவியது. எல்லோரும் வாளியோடு ஓடினோம். பிரெஞ்சுக்காரரும் ஓடினார், ஓடிக்கொண்டே "பிரீ ஃபே" என்று கத்தினார். தீப்பிடித்துவிட்டது. படப்பில் பாதி போய்விட்டது. ஆனாலும் அணைத்த கையோடு நான் போய் எழுதினது அந்தத் தாளைத்தான். என் மனைவி இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

சொல் ஒன்றுதான், ஆனால் அது வேளைக்கு ஒரு சட்டை மாற்றும். பிராந்த்ர், பிரான், பிரனே, பிரீ. எந்த இடத்தில் எந்தச் சட்டை என்று வழிகாட்டிக்கும் சொல்லத் தெரியவில்லை. நானே கவனித்துக் கண்டுபிடித்தேன். நடந்து முடிந்துவிட்டால் பிரீ. நடந்துகொண்டிருந்தால் பிரான். எதிரில் நிற்பவருக்கு மரியாதையாகச் சொல்வதென்றால் பிரனே. இதை ஒரு வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

மச்சினன் வரப்பில் நின்று பார்த்தான். "வெள்ளைக்காரரு குச்சியக் கட்டிப்போட்டுட்டுப் பிளைட் ஏறிருவாரு. நீங்க நாடாவைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க மச்சான்."

பிரெஞ்சுக்காரர் அவனைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். வழிகாட்டி, "அண்ணனை ஒண்ணும் தெரியாத ஆளுன்னு நினைக்கிறாக" என்பதை பிரெஞ்சில் சொன்னார். அதற்கும் பிராந்த்ர்தான் வந்தது. ஒருவரை மடையன் என்று எடுத்துக்கொள்வதற்கும் அதே சொல்லாம். நான் அன்றைக்குத் தாளில் எழுதினது இது: "என் மச்சினன் என்னை மடையன் என்று எடுத்துக்கொண்டான்." இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது வேண்டியிருக்கும்.

இருபத்துநாலும் கட்டி முடித்த அன்று அவர் பம்புசெட் தொட்டியில் குளித்தார். குளிப்பதற்கும் அதே சொல். தண்ணீர் வந்து விழுகிற வாயில் தலையைக் கொடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவே மனமில்லை. போவதற்கு முன்னால் வேலியைக் காட்டி, விரலை ஆட்டி, ஏதோ சொன்னார். வழிகாட்டி, "தொடக் கூடாதுங்கிறாக" என்றார். மறுநாள் ஜீப்பு தனியாக வந்தது. "அண்ணே, பிரீ ஃப்ருவா" என்றார் வழிகாட்டி. சளி பிடித்துவிட்டது. அஞ்சு நாள் அறையிலேயே படுக்கை.

அந்த அஞ்சு நாளில்தான் நடந்தது.

எங்கள் பக்கம் எதை நட்டாலும் இரண்டு நாள் கழித்து லேசாக இழுத்துப் பார்ப்போம். வெங்காய நாற்று, மிளகாய் நாற்று, முருங்கைக் குச்சி, தென்னம்பிள்ளை எதுவானாலும். வராமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நட்டவன் மட்டுமில்லை, வழியில் போகிறவனும் இழுப்பான். அடுத்தவன் தோட்டத்தில் புதிதாக ஒன்றை நட்டிருந்தால், நின்று இழுத்துப் பார்த்து, "ம், பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போவது மரியாதை. இழுக்காமல் போனால்தான், என்ன இவன் கண்டுகொள்ளாமல் போகிறான் என்று தோன்றும்.

வெள்ளைக்காரர் குச்சி கட்டின சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பஸ்ஸில் இறங்கினவர்களெல்லாம் வேலிக்கு வந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன்: புளிப்பு வேர், இனிப்புக் குச்சி, பச்சை நாடா. விளக்கிக்கொண்டே என் கை தானாகப் போய் ஒரு குச்சியை இழுத்தது. "பாத்தீகளா, எப்பிடி நிக்குதுன்னு?" அடுத்தவரும் இழுத்தார். அதற்கடுத்தவரும். மச்சினன் வந்து மூன்றை இழுத்தான். அவன் இழுக்கும்போது மட்டும் எனக்குக் கோபம் வந்தது. தொடக் கூடாது என்று அவர் சொன்னது எங்களுக்குத் தொடக் கூடாது என்றே படவில்லை. இழுப்பது தொடுவதில் சேருமா?

ஆறாம் நாள் பிரெஞ்சுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். முதல் குச்சியை இரண்டு விரலால் தொட்டார். அது அவர் கையோடு வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும் வந்தது. இருபத்துநாலில் மூன்றுதான் உயிரோடிருந்தன. அவர் கையில் காய்ந்த குச்சிகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

"கெஸ் கி வூ பிரான்?"

நான் வழிகாட்டி பக்கம் திரும்பினேன்.

"என்ன கேக்குறாக?"

"அது… மரியாதையாச் சொன்னா, அண்ணனுக்கு என்னாச்சுன்னு கேக்குறாக."

"மரியாதை இல்லாமச் சொன்னா?"

"என்ன பிடிச்சிருக்கு உங்களுக்குன்னு கேக்குறாக."

எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கிறுக்குப் பிடிச்சிருக்கா என்று என் அப்பன் கேட்ட அதே குரல்தான். ஆடு வந்தது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மச்சினன் மேல் போடலாமா என்றும் நினைத்தேன். அது கொஞ்சம் நியாயமாகக்கூடப் பட்டது. ஆனால் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஆடும் இல்லை, மச்சினனும் இல்லை. இருந்தது ஒரே சொல்தான். நெஞ்சில் கை வைத்து, குச்சியை இழுப்பது போல் காட்டி, "முவா, பிரீ" என்றேன். நான் பிடித்தேன். பிறகு குச்சிகளைக் காட்டி, "பா பிரீ" என்றேன். பிடிக்கவில்லை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சளியும் இருமலும் சேர்ந்துகொண்டது. கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி ஓடிப்போய்ச் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதையும் பிராந்த்ர் செய்துவிட்டு அவர் சொன்னதை வழிகாட்டி தமிழில் சொன்னார்: சின்ன வயசில் அவரும் இப்படித்தான் இழுத்தாராம், அவர் அப்பா சும்மா விடவில்லையாம்.

சிரித்து முடித்துத் தெற்கு வேலியைக் காட்டினார். அங்கேயும் இருபத்துநாலு கொடி. ஆனால் அவருடைய இருபத்தொரு நாள் முடிவதற்கு மிச்சம் இருந்தது மூன்றே நாள். எனக்கோ மாசி கடைசிதான் கெடு. நேரம் பிடிக்குமா என்று கேட்டேன். அதற்கும் அதே சொல். பிடிக்கும் என்றார். மூன்று நாளில் கட்டிவிடலாம், ஆனால் துளிர் வர மூன்று வாரமாகும், தான் அப்போது இங்கே இருக்கப்போவதில்லை என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து கட்டினோம். பன்னிரண்டு அவர், பன்னிரண்டு நான். கட்டுகிறவரைக்கும் கவலையில்லை. அதற்கப்புறம் ஊரை என்ன செய்வது? முள் வைக்கலாம் என்றேன். வழிகாட்டி, பாம்பு இருக்கிறது என்று போர்டு எழுதலாம் என்றார். போர்டைப் பார்த்தால் பாம்பைப் பார்க்க இன்னும் நாலு பேர் வருவார்கள். என் மனைவி எச்சில் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இழுக்கத்தான் செய்வாக. நீங்களே இழுப்பீக. இழுக்கிறதுக்குன்னு ஒண்ணு வச்சுருங்க."

மேற்கு வேலிக்கும் வாசலுக்கும் நடுவே, வெட்டாமல் விட்ட ஒரு காட்டுக்கொடி நின்றது. வேர் பாதாளம் வரைக்கும் போயிருக்கும். அதில் பச்சை நாடாவை நன்றாகத் தெரிகிற மாதிரிச் சுற்றிவைத்தோம். ஒட்டுமில்லை, ஒரு மண்ணுமில்லை. வழிகாட்டி இதை பிரெஞ்சுக்காரருக்கு விளக்கினதும் அவர் என் மனைவிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். எனக்கு அவர் ஒருநாளும் தொப்பியைக் கழற்றியதில்லை.

அவர் கிளம்பின அன்று, உங்களை எனக்குப் பிடித்துப்போச்சு என்று சொல்ல நினைத்தேன். வழிகாட்டியைக் கேட்டால், "அதுக்கு மட்டும் பிராந்த்ரு ஆகாதுண்ணே, வேற சொல்லு" என்றார். இவ்வளவு பெரிய மொழியில் இது ஒரு குறை. நம்முடையதில் சளி பிடிக்கும், தீப்பிடிக்கும், ஆளையும் பிடிக்கும். போகிற நேரத்தில் புதிதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. அவர் கையைப் பிடித்தேன். கை பிடிப்பதற்கு அந்தச் சொல்லே போதுமாம். அவர் ஒரு தாளில் போன் நம்பரை எழுதிக்கொடுத்து, "ஸா ஆ பிரீ" என்று இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தார். ஒட்டுப் பிடித்ததும் இதை மட்டும் சொன்னால் போதும்.

அதன்பிறகு வந்தவர்களெல்லாம் வாசலில் இருந்த பச்சை நாடாவை இழுத்தார்கள். "அடேங்கப்பா, என்னமாப் பிடிச்சிருக்கு!" என்றார்கள். தெற்குப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நானும் என் மனைவியும் மட்டும் காலையில் போவோம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அது அவள் உத்தரவு. ஒரு நாள் என் கை அவிழ்ந்தது. அவள் பார்த்த பார்வையில் திரும்பப் போய்க் கட்டிக்கொண்டது.

பத்து நாளாயிற்று, ஒன்றும் இல்லை. பதினைந்து நாளாயிற்று. குச்சிகள் கட்டினபடியே நின்றன. பச்சையா, காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சுரண்டிப் பார்க்கலாம் என்றேன். "சுரண்டுறதும் இழுக்கிறதும் ஒண்ணுதான்" என்றாள்.

மாசியின் கடைசி வாரத்தில் மச்சினன் டிராக்டரோடு வந்தான். "அக்கா, சொன்ன வாக்கு சொன்னதுதான?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். நான் பதில் சொல்லுமுன் வாசலில் பச்சை நாடா அவன் கண்ணில் பட்டது. போய்ப் பிடித்தான். இழுத்தான். வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, கல்லில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தான். மடிப்பு அவிழ்ந்ததே தவிர கொடி அசையவில்லை. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னா மச்சான் இது! மாடு கட்டலாம் போலருக்கே!"

"அப்பிடியா மாப்ள?"

"வெள்ளைக்காரரு வேலைக்காரருதான். ஒத்துக்கிறேன்." வேட்டியைச் சரிசெய்துகொண்டான். "சரி, பங்குனியும் பாருங்க. வாழைக்கன்ன அங்கிட்டு உத்தமபாளையம் பக்கம் வச்சுக்கிறேன்."

டிராக்டர் திரும்பிப் போனது. நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. அவன் எதை இழுக்கிறான் என்று என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவன் இழுத்தது எதை என்று எனக்குத் தெரியுமே. தெற்கு வேலி ஏமாற்றினால் பங்குனியில் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

நாலு நாள் கழித்து, காலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, என் மனைவி என் முழங்கையை இடித்தாள். மூன்றாவது குச்சியில் கணு வெடித்து, அரிசி அளவு ஒரு துளிர். இளஞ்சிவப்பு. அதற்கடுத்ததிலும் இருந்தது. வாரம் முடிவதற்குள் இருபத்தொன்றில் துளிர் வந்துவிட்டது. மூன்றுதான் போனது. அந்த மூன்றும் நான் கட்டினதா அவர் கட்டினதா என்பது இங்கே தேவையில்லாத விஷயம்.

பஸ் பிடித்துக் கம்பம் போனேன். எஸ்டிடி பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரைப் போட்டேன். எடுத்தது ஒரு அம்மா. குமுளியில் எண்ணெயில் ஊறினவராகத்தான் இருக்கும். "ஸா ஆ பிரீ" என்றேன். அந்தப் பக்கம் ஒரு கூச்சல், பிறகு ஓடுகிற சத்தம், பிறகு அவர் குரல். "ஸா ஆ பிரீ!" என்று மறுபடி சொன்னேன். அவர் ஏதோ கேட்டார். மறுபடி கேட்டார். எத்தனை என்று கேட்கிறார், வேறு என்ன கேட்பார்? எனக்கு பிரெஞ்சில் எண் தெரியாது. யோசித்தேன். பிறகு தெற்கு வேலியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, கிழக்கிலிருந்து வரிசையாகப் போனேன். "பிரீ. பிரீ. பிரீ. பா பிரீ. பிரீ…"

அந்தப் பக்கம் அவர் கூடவே எண்ணுவது கேட்டது. இருபத்தொரு பிரீ, மூன்று பா பிரீ. முடித்து வெளியே வந்தேன். பூத்துக்காரர் என்னைப் பார்த்தது போல் யாரும் என்னைப் பார்த்ததில்லை. "அண்ணாச்சி, அங்கிட்டு ஆளு இருந்தாகளா?" என்று கேட்டார்.

அந்த இருபத்தொன்றிலிருந்து தோட்டம் முழுவதையும் புளிப்பு வேருக்கு மாற்றினேன். வாழை வரவில்லை. மச்சினனே பின்னால் வந்து குச்சி கேட்டான். கொடுத்தேன், இழுக்காதே என்று சொல்லியும் கொடுத்தேன். இழுத்தான். இரண்டாம் தரம் மறுபடியும் கேட்டு வந்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடமே வழிகாட்டி என் கம்பியிலிருந்து நாற்பத்தொரு தாளையும் கேட்டார். "பாத்துட்டுக் கொடுத்துர்றேண்ணே" என்றார். கொடுத்தேன். போன வருடம் குமுளியில் ஓர் ஆட்டோவில் ஏறினால், டிரைவர் பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தியிடம் சரளமாகப் பிராந்த்ர் போட்டுக்கொண்டிருக்கிறார். எப்படித் தம்பி என்று கேட்டதும் ஒரு சின்னப் புத்தகத்தைக் காட்டினார். ஒரே வினைச்சொல்லில் பிரெஞ்சு பேசுவது எப்படி என்று. குமுளியில் வழிகாட்டிகளும் டிரைவர்களும் இதை வைத்துத்தான் படிக்கிறார்களாம். அட்டையில் நம்ம வழிகாட்டியின் போட்டோ. உள்ளே எல்லாம் தன் அனுபவத்தில் திரட்டியது என்று போட்டிருக்கிறது.

புரட்டினேன். பஸ், போட்டோ, டீ இருக்கட்டும். எட்டாம் பக்கத்தில் "ஒட்டுப் பிடித்துவிட்டது" என்று இருக்கிறது. யானை பார்க்க வந்தவரிடம் எந்த ஆட்டோ டிரைவர் ஒட்டுப் பிடித்துவிட்டது என்று சொல்லப்போகிறார்? பத்தாம் பக்கத்தில் "வைக்கோல் படப்பு தீப்பிடித்துவிட்டது." அது என் படப்பு. பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு எழுத்துக்கூட மாறாமல்: "என் மச்சினன் என்னை மடையன் என்று எடுத்துக்கொண்டான்." குமுளியில் எல்லோருக்கும் என் மச்சினனே மச்சினனா?

போனில் கேட்டேன். "பழைய கதைதானண்ணே" என்று சிரிக்கிறார்.

பழைய கதைதான். நானும் பழைய ஆள்தான். வாசலில் கட்டின பொய் நாடா என் மனைவியின் யோசனை. அதை இங்கே நானே எழுதிவிட்டேன். குச்சி சீவுவது பிரெஞ்சுக்காரர் சொல்லிக்கொடுத்தது; அதையும் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை முதலில் என் காதில் போட்டது வழிகாட்டிதான், அதையும் மறைக்கவில்லை. எழுதினதால் எனக்கு என்ன குறைந்துபோச்சு? ஒன்றும் இல்லை. அவருக்கும் குறையாது.

ஆகையால் புத்தகத்தை அடுத்து அச்சடிக்கும்போது முதல் பக்கத்தில், அவர் பெயருக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு எழுத்தில், என் பெயரையும் ஊரையும் போட்டு, இந்தச் சொல்லின் நாற்பத்தொரு வகையும் இவர் தோட்டத்தில், இவர் காலண்டர் தாளில், இவர் கையால் எழுதப்பட்டவை என்று போடவேண்டும். தாள்களைக் கம்பியில் குத்தின ஓட்டையோடு திருப்பித் தரவேண்டும். அதுவரைக்கும் பன்னிரண்டாம் பக்கத்து மச்சினனை யாரும் உபயோகிக்க நான் சம்மதிக்கவில்லை.